பெருந்தொற்று நாட்களில் குடல் அழற்சி நோய்: மலையகத்தில் புதிதாக மருந்து தொடங்கியவர்களுக்கு

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை ஊரடங்குச் சட்டம் வந்தது. எனக்கு அடுத்த கிளினிக் ஏப்ரல் தொடக்கத்தில். கையில் இருந்த மாத்திரையும் அதுவரைக்கும்தான். வீடு தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கிளினிக் கண்டியில். பஸ் இல்லை, ரயில் இல்லை. டிவியில் நாள் முழுக்க ஒரே பேச்சு: எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். குடல் அழற்சிக்கு நான் குடிக்கும் அசதயோபிரினின் வேலையே எதிர்ப்புச் சக்தியை அடக்குவதுதான். லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா மாமி, "அந்த மாத்திரைய மட்டும் கொஞ்ச நாளைக்கு விட்டுப் பாரேன் புள்ள" என்றார். அக்கறையில் சொன்னதுதான். நானும் விட்டேன்.

ஏப்ரல் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. மே மாதக் கடைசியில் மலத்தில் இரத்தம் தெரிந்தது. ஜூனில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போனது. பதினொரு நாள் வார்ட்டில் கிடந்தேன்; பெரிய அளவில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். நெரிசலான வார்ட்டுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துக்கும் பயந்துதான் மாத்திரையை விட்டேன். கடைசியில் அந்த இரண்டிலுமே போய் விழுந்தேன்.

இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டு, கிளினிக் கொப்பியோடு வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் கொரோனாவை வைத்துச் சொல்கிறேன். இனி வேறு ஏதாவது வைரஸ் பரவினாலும் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி இதேதான். மருந்தின் அளவை மாற்றுவது மட்டும் எப்போதும் உங்கள் கிளினிக் வைத்தியரின் வேலை.

1. என்ன நோய் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்

குடல் அழற்சி நோயில் முக்கியமாக இரண்டு வகை. பெருங்குடலின் உள்சுவர் மட்டும் புண்ணாவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கேயும் வரக்கூடியது, சுவரை ஆழமாகத் துளைக்கக்கூடியது குரோன்ஸ். இரண்டிலும் உடம்பின் பாதுகாப்புப் படை தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. இது தொற்று நோய் அல்ல. ஒரே கக்கூசுக்குப் போவதால் யாருக்கும் ஒட்டாது.

நம் பக்கம் இரத்தத்தோடு வயிறு போனால் முதலில் "வயித்துக்கடுப்பு" என்பார்கள், இல்லாவிட்டால் "மூலம்". நானும் எட்டு மாதம் மூலத்துக்கு மருந்து போட்டவள். பெருந்தொற்று நேரத்தில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும், ஏனென்றால் கொரோனாவே சிலருக்கு வயிற்றுப்போக்கோடுதான் தொடங்குகிறது. உங்களைத் தெரியாத ஒரு வைத்தியரிடம் அவசரத்துக்குப் போக நேர்ந்தால், நோயின் பெயரைச் சொல்ல வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் தெரிந்தவர் அங்கே இல்லாவிட்டால் ஒரு சிங்கள வாக்கியம் கைகொடுக்கும்: "மலபஹ கரத்தி லே யனவா". மலம் போகும்போது இரத்தம் போகிறது என்று அர்த்தம். என் அம்மா இதைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்.

2. நன்றாக இருக்கிறதே என்று மருந்தை விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இந்தப் பகுதியை வாசியுங்கள்.

2020 இல் பல நாட்டு வைத்தியர்கள் சேர்ந்து, குடல் அழற்சி உள்ளவர்களுக்குக் கொரோனா வந்தால் என்ன நடக்கிறது என்று ஒரே பதிவேட்டில் பதிந்து பார்த்தார்கள். செக்யூர் ஐபிடி என்று அதற்குப் பெயர். அதில் தெளிவாகத் தெரிந்த விஷயம், பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் நோய் கடுமையானது. இன்ஃபிளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசி மட்டும் போட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அசதயோபிரின் குடித்தவர்களுக்கு, அந்த ஊசி மட்டும் போட்டவர்களை விட ஆபத்து கூடுதலாக இருந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: மருந்தை விட்டால் நோய் கிளம்பும். நோய் கிளம்பினால் ஸ்டீராய்டு வரும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வயிறு அடங்கியிருப்பதுதான் நமக்குப் பெரிய கவசம்.

சரி, ஒவ்வொரு மருந்தாகப் பார்ப்போம்.

மெசலசின், சல்ஃபசலசின்: காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் தொடர வேண்டியவை. மெசலசின் மாத்திரையைக் கடிக்கவோ பொடியாக்கவோ கூடாது. மேல் பூச்சு உடைந்தால் மருந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேராது. சல்ஃபசலசின் குடித்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகலாம். பயப்பட வேண்டாம்.

அசதயோபிரின்: இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்தது அதில்தான். வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று மாதம் எடுக்கும் மருந்து இது. விட்டாலும் அதன் பலன் உடனே போவதில்லை. அதனால் முதல் சில வாரம் "பார், மருந்து இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். பிறகு கிளம்பும்போது, திரும்பக் குடித்தாலும் பலன் வர மறுபடி மாதக்கணக்கு. இதைக் குடிப்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும். பழகிய அளவில் இருப்பவர்களுக்குச் சாதாரணமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. புதிதாகத் தொடங்கியவர்களுக்கு அதைவிட அடிக்கடி. கண்டிக்குப் போக முடியாவிட்டால் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் இரத்தம் கொடுத்து, அறிக்கையைப் போனில் படம் பிடித்து அனுப்பலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

மெத்தோட்ரெக்சேட்: வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தவறி தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று பெட்டி மேலேயே தமிழில் எழுதுங்கள். குழந்தை தங்க வாய்ப்புள்ள பெண்கள் இதைக் குடிக்கக் கூடாது. அதைக் கிளினிக்கில் வெட்கப்படாமல் பேசிவிடுங்கள்.

பிரெட்னிசொலோன்: மூன்று வாரத்துக்கு மேல் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழலாம். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். இதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எனக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு மாத்திரை 5 மில்லிகிராம். அதாவது முதல் வாரம் காலையில் எட்டு மாத்திரை, அடுத்த வாரம் ஏழு. சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு திங்கட்கிழமைக் கட்டத்திலும் 8, 7, 6 என்று சிவப்புப் பேனாவால் எழுதி வைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி கூட அந்தக் கட்டத்தைப் பார்த்து மாத்திரையை எண்ணி வைப்பார்.

ஊசி மருந்து: இன்ஃபிளிக்சிமாப் பழகியவர்களுக்கு வழக்கமாக எட்டு வாரத்துக்கு ஒருமுறை, அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நீண்ட இடைவெளி விட்டால் உடம்பு அந்த மருந்துக்கே எதிர்ப்பை உண்டாக்கி, பிறகு ஊசி வேலை செய்யாமல் போகலாம். திகதி தவறும் போலிருந்தால் தவறுவதற்கு முன்பே வார்ட்டுக்கு அழைத்துச் சொல்லுங்கள். வீட்டில் வைக்கும் ஊசிக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். நுவரெலியாக் குளிர் அதற்குப் போதாது, பிரிட்ஜ்தான் வேண்டும். வீட்டில் இல்லையென்றால் தோட்ட வைத்தியசாலையில் வைத்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

3. கையிருப்பும் கிளினிக் கொப்பியும்

ஒரு மாத மருந்து எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். கிளினிக்கில் கொடுப்பதே ஒரு மாதத்துக்கு என்றால், "தூரத்திலிருந்து வருகிறேன், இரண்டு மாதத்துக்குத் தருவீர்களா" என்று கேளுங்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் கையில் காசு இருக்கும் மாதத்தில் அரச பார்மசியான ஒசுசலவில் ஒரு வாரத்துக்கு, இரண்டு வாரத்துக்கு என்று வாங்கிச் சேருங்கள். 2022 இல் டொலரும் பெற்றோலும் இல்லாமல் நாடு தவித்து, மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தச் சேமிப்புத்தான் எங்களைக் காப்பாற்றியது.

கிளினிக் கொப்பியின் கடைசி மூன்று பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும். ஊரடங்கு நேரத்தில் சோதனைச் சாவடியில் நான் நீட்டியதும் அந்தக் கொப்பியைத்தான்.

அடுத்தது தபால். 2020 ஏப்ரலில் அரச வைத்தியசாலைக் கிளினிக் மருந்துகளைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு வந்தது. அருமையான ஏற்பாடு. ஆனால் நம் லயத்துக்கு ஏது தனி முகவரி? பெயர், தோட்டம், டிவிசன் என்று போட்டால் எல்லாம் தோட்டத்து அலுவலகத்துக்குப் போகும். என் மருந்துப் பொதி ஒருமுறை ஆறு நாள் ஒரு மேசை மேல் கிடந்தது. அது மருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. இருநூறு வருடமாக இந்த மலையில் இருக்கிற சனத்துக்குக் கதவிலக்கம் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதனால் கிளினிக்கில் முகவரி கொடுக்கும்போது டவுனில் தெரிந்த கடையின் முகவரியையோ, உப தபாலகத்தின் பெயரையோ கொடுங்கள். இப்போது பாவிக்கும் போன் நம்பரையும் எழுதிக்கொடுங்கள். மேலே "மருந்து" என்று மூன்று மொழியிலும் எழுதச் சொல்லுங்கள்.

4. லயத்தில், மலையில், பஸ்ஸில்

தனி அறையில் இருங்கள் என்று டிவியில் சொல்வார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் அது எப்படி நடக்கும்? நடக்கக்கூடியதைச் செய்வோம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் என்றால் அவரை இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், படுக்க வையுங்கள். சாக்கோ தறப்பாளோ கட்டினால் குளிர் குறையும், காற்றும் வரும். முடியாவிட்டால் நீங்கள் இஸ்தோப்புக்கு மாறுங்கள். காம்பராக் கதவும் ஜன்னலும் பகலில் திறந்தே இருக்கட்டும். அடுப்புப் புகைக்காகத் திறப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

கக்கூசு பொதுவாக இருந்தால் உங்களுக்கென்று ஒரு சிறிய வாளியும் சவர்க்காரமும் தனியாக வையுங்கள். நமக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். கை கழுவுவதும் அத்தனை தடவை. கதவுக் கொண்டியைத் தொடுமுன் கழுவுவதை விட, வெளியே வந்த பிறகு கழுவுவதுதான் முக்கியம். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி அடங்கிய குடலுக்குச் சாதாரண வயிற்றுப்போக்குக் கிருமியே பெரிய எதிரி.

ஊரடங்கிலும் தேயிலை வேலை நிற்கவில்லை. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நான் சொல்வது: மலையில் கக்கூசு கிடையாது என்று தண்ணீர் குடிக்காமல் போகாதீர்கள். எங்கள் லயத்தில் ஒரு அக்கா அப்படித்தான் காலையில் ஒரு வாய் சாயத் தண்ணியோடு (வெறும் தேத்தண்ணி) போய், பதினொரு மணிக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நோய் கிளம்பியிருக்கும் வாரத்தில், லயத்துக்குப் பக்கத்து மலையில் வேலைக்குப் பேர் போடச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் வைத்தியரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கிக் காட்டுங்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போதுதான் எல்லோரும் நெருங்கி நிற்பார்கள். முகக் கவசம் அங்கே கட்டாயம், கடைசியாகப் போய் நிறுத்தாலும் பரவாயில்லை. அரை நாள் சம்பளம் (அரைப் பேர்) போனாலும் போகட்டும் என்று வீட்டில் இருக்க வேண்டிய நாட்களும் வரும். அந்த முடிவு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று எங்கே இறங்கிப் போக முடியும் என்று முதலிலேயே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பையில் ஒரு மாற்று உடுப்பு, ஒரு பொலித்தீன் பை, ஈரத் துணி. அது இருந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

5. வயிறு போகிறது: நோயா, தொற்றா?

இதை நாமாகத் தீர்மானிக்க முடியாது. ஆனால் கவனிக்கலாம். இரண்டு நாளில் திடீரென்று தொடங்கி, கூடவே இருமல், தொண்டை வலி, மணம் தெரியாமல் போவது, வீட்டில் இன்னொருவருக்கும் அதே கதை என்றால் தொற்றாக இருக்கலாம். மெதுவாகக் கூடிக்கொண்டே வந்து, இரத்தமும் சளியும் கலந்து, நடு ராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால் நோய் கிளம்புகிறது. இரண்டும் ஒன்றாகவும் வரும். அதனால்தான் மலப் பரிசோதனை கேட்பார்கள்; கிருமி இல்லை என்று தெரியாமல் ஸ்டீராய்டைக் கூட்ட மாட்டார்கள்.

ஒரு கொப்பியில் தினமும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எத்தனை தடவை, இரத்தம் இருந்ததா, ராத்திரி எழும்பினீர்களா. போனில் வைத்தியரோடு பேசக் கிடைப்பது இரண்டு நிமிடம். "ரொம்ப மோசம் டொக்டர்" என்பதை விட "நேற்று ஏழு தடவை, நாலு தடவை இரத்தம்" என்பது அவருக்கு உதவும்.

தண்ணீர்ச் சத்துக்கு ஜீவனிப் பாக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்). ஒரு பாக்கெட்டுக்குச் சரியாக ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். கண் அளவு வேண்டாம், ஒரு லீற்றர் போத்தலில் அளக்கவும். ஒரு நாளைக்கு மேல் வைத்திருந்தால் கொட்டிவிடுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லீற்றருக்குத் தேக்கரண்டியால் ஆறு மட்டக் கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு.

போக்கை நிறுத்துகிறேன் என்று லோபெரமைட் வாங்கிப் போடாதீர்கள். கடுமையாகக் கிளம்பியிருக்கும் குடலை அது ஊதி வீங்க வைத்துவிடலாம்.

6. காய்ச்சல் வந்தால்

பரசிட்டமோல் போடலாம். டைக்ளோபினாக், ஐபுபுரோபென் வேண்டாம். அவை குடல் நோயைக் கிளப்பக்கூடியவை. பார்மசியில் உடம்பு வலிக்கு என்று கலந்து கொடுக்கும் பொட்டல மாத்திரையில் இவை இருக்கும். பெயர் கேட்காமல் விழுங்காதீர்கள்.

பரிசோதனை செய்து தொற்று உறுதியானால் அன்றைக்கே கிளினிக்குக்கு அழையுங்கள். அசதயோபிரினையும் மெத்தோட்ரெக்சேட்டையும் ஊசியையும் குணமாகும் வரை தள்ளி வைக்கச் சொல்லலாம். மெசலசினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். ஸ்டீராய்டின் அளவை மாற்றலாம், சட்டென்று நிறுத்த மாட்டார்கள். தள்ளி வைக்கச் சொன்னால் அத்தோடு போனை வைத்துவிடாதீர்கள். எந்தத் திகதியில் திரும்பத் தொடங்குவது என்று கேட்டு எழுதுங்கள். திரும்பத் தொடங்க மறந்து நோய் கிளம்பிய இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் தவறில்லை, நானும் குடிக்கிறேன். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் பெயர் தெரியாத பொடிகளையும் பாணிகளையும் மட்டும் விடுங்கள். நம் நோயில் ஏற்கெனவே கூடிப்போனது அந்தச் சக்திதான்.

7. தடுப்பூசி

இலங்கையில் கொரோனாத் தடுப்பூசி 2021 ஜனவரி 29 இல் தொடங்கியது. இங்கே போட்ட எந்த வகையிலும் உடம்புக்குள் பெருகக்கூடிய வைரஸ் இல்லை. அதனால் நம் மருந்துகளோடு போட்டுக்கொள்ளலாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து குடிப்பவர்களுக்கு ஊசியின் பலன் கொஞ்சம் குறையலாம் என்பதால் கூடுதல் தடவை போடச் சொல்வார்கள். காய்ச்சல் வருமே என்று தட்டிக் கழிக்க வேண்டாம். வருடத்துக்கொரு முறை போடும் இன்புளுவென்சா ஊசியும் நல்லது. அம்மை போன்றவற்றுக்குப் போடும் உயிர்த் தடுப்பூசிகள் மட்டும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஆகாது. எந்த ஊசிக்குப் போனாலும் சுகாதார அலுவலரிடம் கிளினிக் கொப்பியை முதலில் காட்டுங்கள்.

8. சாப்பாடு

நோய் அடங்கியிருக்கும்போது எல்லாம் சாப்பிடலாம். உங்களுக்கு எது ஒத்துவரவில்லை என்று கவனித்தால் போதும். கிளம்பியிருக்கும்போது சோற்றுக் கஞ்சி, நன்றாக வெந்த பருப்பு, முட்டை, உருளைக்கிழங்கு, தோல் நீக்கி வேகவைத்த கரட். உறைப்புச் சம்பலும் முழுக் கடலையும் கொஞ்ச நாள் தள்ளி இருக்கட்டும். இரத்தம் போவதால் இரும்புச் சத்து குறையும். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடித்தால் உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நாள் முழுக்கச் சாயம் குடிக்கும் நமக்கு இது பழக வேண்டிய விஷயம்.

9. எப்போது பொறுத்திருக்கக் கூடாது

ஒரு நாளைக்கு ஆறு தடவை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு போகிறது. கூடவே காய்ச்சல் 37.8 பாகைக்கு மேல், அல்லது படுத்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 90 ஐத் தாண்டுகிறது. வயிறு உப்பிக் கல்லாகிறது. வாந்தியில் மருந்து தங்கவில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, ஏனென்றால் இந்த நோயிலும் கொரோனாவிலும் இரத்தம் கட்டியாகலாம். மூச்சு வாங்குகிறது. இதில் எது நடந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்து வாசல் வரை வண்டி வராத இடங்கள் நிறைய. அதனால் அழைக்கும்போதே கோவிலா, மடுவமா, பெரிய ரோட்டு வளைவா என்று வந்து நிற்கக்கூடிய இடத்தைச் சொல்லி, டார்ச்சோடு ஒருவரை அங்கே அனுப்புங்கள். கிளினிக் கொப்பியும் குடிக்கிற எல்லா மாத்திரையும் ஒரே பையில் போகட்டும். எங்கள் வீட்டில் அந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அப்பாயிக்கும் இடம் தெரியும்.